கோட்டுக்குள் ஆறு படம்

காய்ச்சலா என்று கேட்காதீர்கள். காய்ச்சல் இல்லை. வெயிலில் ஒருவன் கோட்டுப் போட்டால் உடனே காய்ச்சல்தானா? நாற்பத்தோரு வருசத்துக்கு முன்னால் ஒருத்தன் இதையேதான் கேட்டான். அதோடு போதும்.

மணி என்ன? பத்தேகாலா. பதினொன்றரைக்கு நான் முக்காணியில் இருக்கணும். டயர் இங்கே முள்ளக்காட்டில்தான் வெடிக்கணுமா? இரண்டு பக்கமும் உப்பளம், நடுவில் பஸ். டிரைவர் ஜாக்கியை மாட்டிவிட்டுப் பீடி பற்ற வைக்கிறான் பாருங்கள். அது முடிந்த பிறகுதான் நட்டில் கை வைப்பான். நீங்கள் உட்காருங்கள் தம்பி. இறங்கி நின்றால் மட்டும் நிழலா கொட்டிக் கிடக்கிறது?

காலை அந்தப் பக்கம் வையுங்கள். அது படம். கண்ணாடி போட்டது.

பலவேசத்தின் படம். இன்று அவனுக்குப் பதினாறாம் நாள். மாலை போட வீட்டில் ஒரு படம்கூட இல்லையாம். அவன் மகள் பிரம்மசக்தி கடுதாசி போட்டிருந்தாள். கொண்டுபோவதா வேண்டாமா என்று ஒன்பது நாள் யோசித்தேன். பஸ் ஏறியும் யோசிக்கிறேன். இப்போது இந்த பஸ் கிளம்பாவிட்டாலும் எரிச்சல், கிளம்பினாலும் எரிச்சல்.

நான் லெயோன் வாஸ். தூத்துக்குடியில் வாஸ் ஸ்டூடியோ என்றால் ஒரு காலத்தில் தெரியாத ஆள் கிடையாது. இப்போது அந்த இடத்தில் செருப்புக் கடை. அது கிடக்கட்டும்.

பலவேசமும் நானும் ஐந்தாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சு. அவன் உப்பளத்துக்குப் போனான், நான் கேமராவுக்குப் போனேன். அவனுக்கு ஒரு கெட்ட பழக்கம். கேமராவைக் கண்டால் முன்னால் வந்து நிற்பான். யார் வீட்டுக் கல்யாணமானாலும் சரி. என் கல்யாணப் படத்தை எடுத்துப் பாருங்கள். நான், என் பெண்டாட்டி, நடுவில் பலவேசம். இந்தக் கோட்டு அன்றைக்குத் தைத்தது. எங்கள் ஆட்களில் மாப்பிள்ளை கோட்டுப் போடாமல் மாதா கோயிலுக்குள் நுழைய முடியாது. "ஏலே வாஸ், கோட்டுல நீ வக்கீல் மாதிரி இருக்கலே. ஆனா கேஸு தோத்த வக்கீல்" என்றான். அப்படிப்பட்ட வாய்.

ஐம்பத்தேழில்தான் வம்பு வந்தது.

ஒரு உப்பள முதலாளி இருந்தார். பேர் வேண்டாம், பேரன்கள் இருக்கிறார்கள். அவருடைய அளத்தில்தான் பலவேசத்துக்கு வேலை. உப்பு அம்பாரத்தைப் படம் எடுக்க என்னைக் கூப்பிட்டிருந்தார். எடுத்தேன். போகிற போக்கில் நான்தான் சொன்னேன், உங்கள் அளத்து ஆட்களுக்கு மனு எழுதித் தரப் போகிறேன் என்று. மறைக்க அதில் என்ன இருக்கிறது? என் கையெழுத்து நன்றாக இருக்கும், பலவேசம் கேட்டான், சரி என்றேன். அவ்வளவுதான்.

முதலாளி எழுந்தார். உள்ளே போய் ஒரு மரப்பெட்டியைத் தூக்கிவந்தார். வெள்ளைக்காரன் ஊரைக் காலி செய்தபோது பங்களா ஏலத்தில் எடுத்தது. "இது என்னவே, பார்த்துச் சொல்லும்" என்றார்.

பார்த்தேன். இரண்டு கையாலும் தூக்கி ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன்.

வட்டமாக, தட்டையாக, ஒரு சாப்பாட்டுத் தட்டு கனத்தில் பித்தளை. மேல் ஓரத்தில் சின்ன மூக்கு. அந்த மூக்கில் லென்ஸ். கழுத்தில் மாட்டிக்கொண்டு மேலே கோட்டுப் போட்டால் மூக்கு மட்டும் பொத்தான் ஓட்டை வழியாக வெளியே வரும். பார்க்கிறவனுக்குப் பொத்தான் மாதிரிதான் இருக்கும். கோட்டுப் பைக்குள் ஒரு கயிறு. இழுத்தால் படம். கீழே ஒரு திருகு. திருப்பினால் அடுத்த படம். உள்ளே ஒரே வட்டக் கண்ணாடி. அதைச் சுற்றி ஆறு படம் விழும். ஆறுதான்.

ஜெர்மன்காரன் செய்தது. ஆயிரத்தெண்ணூற்று எண்பதுகளில் அங்கேயெல்லாம் இது ஒரு பைத்தியமாக இருந்திருக்கிறது தம்பி. துப்பறியும் கேமரா என்று பேர். புஸ்தகம் மாதிரி ஒன்று, தொப்பிக்குள் ஒன்று, கைத்தடியில் ஒன்று, கழுத்து டையில் ஒன்று. எல்லாம் பழைய கேட்லாக்கில் படித்திருக்கிறேன். கையில் தொட்டதில்லை. தொட்டவன் இந்த ஜில்லாவிலேயே இருக்க மாட்டான்.

முதலாளி சொன்னார்: "நீரு மனு எழுதும். நல்லா எழுதும். அங்க யாரு யாரு நிக்காங்கன்னு எனக்கு முகம் தெரியணும். கேட்டா ஒருத்தனும் வாயைத் திறக்க மாட்டான். மனுவுல கைநாட்டும் இருக்காது. படம் நல்லா விழுந்தா இது உமக்கு."

இது உமக்கு. அந்த வார்த்தை.

நீங்கள் அப்படிப் பார்க்காதீர்கள். நான் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. ஒரு பேர்கூடச் சொல்லவில்லை. படம் எடுப்பது என் தொழில். எதிரே நிற்பதை எடுப்பேன். எதற்கு என்று கேட்கிற வழக்கம் கிடையாது. கல்யாணத்துக்கு எடுக்கிறோம், பிணத்துக்கு எடுக்கிறோம். கேட்டுக்கொண்டா எடுக்கிறோம்?

அந்தக் கேமராவுக்கு வட்டக் கண்ணாடி எங்கே கிடைக்கும்? ஐம்பது வருசமாக எவனும் செய்யவில்லை. நானே அறுத்தேன். மருந்து பூசிய சதுரத் தட்டு ஸ்டூடியோவில் இருந்தது. சிவப்பு விளக்கில் வைத்து, கண்ணாடிக் கடைக்காரனின் வைர ஊசியை வாங்கி வட்டமாகக் கீறித் தட்டுவேன். உடையும். அடுத்தது. அதுவும் உடையும். பதினொன்று உடைந்தது. பன்னிரண்டாவது வட்டமாக வந்தது. இந்தப் பெருவிரல் தழும்பு அப்போது வந்ததுதான். அந்தத் தட்டுக்கு வேகம் கிடையாது. நல்ல வெயில் வேண்டும், எதிரே நிற்கிறவன் அசையக் கூடாது. அசைந்தால் ஆவி மாதிரி விழும்.

சொல்லாமல் இருக்க முடியுமா? யாரிடமாவது சொல்லணும். பலவேசத்திடம் சொன்னேன். என் கையில் இருக்கிறது என்று சொல்லவில்லை, நான் மடையன் இல்லை. இப்படி ஒரு கேமரா உண்டு, கேட்லாக்கில் பார்த்தேன், பொத்தான் வழியாக எடுக்கும், ஆறு படம்தான், எதிராளி அசையக் கூடாது என்றேன். "நம்ம ஊருல எவம்லே கோட்டுப் போடுதான், சட்டையே போடுததில்லையே" என்று சிரித்தான். நானும் சிரித்தேன்.

கழற்றுகிறானா? இரண்டு நட்டுதான் ஆகியிருக்கிறதா. ஸ்டெப்னியிலாவது காற்று இருக்கிறதா என்று யாராவது பார்த்தீர்களா?

சித்திரை மாசம். வேலை முடிந்து உச்சி வெயிலில் கூடினார்கள். அம்பாரத்துக்குப் பின்னால், பனை ஓலை மூடின பக்கம். பதினொரு பேர். நாலு பேர் பெண்கள். நான் கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். நெஞ்சில் பித்தளை சுடுகிறது. கீழே உப்புத் தரை, கண்ணாடி மாதிரி வெளிச்சம். படத்துக்கு அப்படி ஒரு வெளிச்சம் ஆயுசில் கிடைக்காது.

"வாஸ் அண்ணாச்சி என்ன, மறுகல்யாணமா?" என்று ஒருத்தி. எல்லாரும் சிரிப்பு. காய்ச்சல் என்றேன். குளிர் காய்ச்சல், உதறுகிறது என்றேன்.

பலவேசம் கிட்டே வந்தான். "காய்ச்சலாலே?" என்று நெற்றியில் கை வைத்தான். உப்பில் வெந்து வெடித்த கை. அப்புறம் நெஞ்சில் வைத்தான். இங்கே, இரண்டாவது பொத்தானுக்குக் கீழே. வைத்த கையை உடனே எடுக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தான். பிறகு அவர்களைத் திரும்பிப் பார்த்து, "ஆமாடே, அனலாக் கொதிக்கி. யாரும் கிட்ட வராதீங்க, ஒட்டிக்கிடும். அங்கனயே நில்லுங்க" என்றான்.

எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. ஒரு காய்ச்சலும் இல்லை. கல்லு மாதிரி இருக்கிறேன். இவன் கொதிக்கிறது என்கிறான். உப்பில் கிடந்து கையில் உணர்ச்சி செத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். இத்தனை வருசமும் அப்படித்தான் நினைத்தேன்.

பேச ஆரம்பித்தார்கள். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வாகான இடத்தில் நின்றேன். அவ்வளவுதான், வந்துவிட்டான். முன்னால். எனக்கும் அவர்களுக்கும் நடுவில். பழைய கெட்ட பழக்கம். கேமரா இல்லாத இடத்திலும்!

நகர்ந்து இடது பக்கம் போனேன். அவனும் வந்தான். வலது பக்கம் போனேன். வந்தான். தோளில் கிடந்த துண்டை எடுத்து இரண்டு கையாலும் விரித்துத் தலைக்குப் பின்னால் பிடித்துக்கொண்டான். வெயிலாம். அளத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு அன்றைக்குத்தான் வெயில் சுடுகிறது. அவனுக்குப் பின்னால் ஒருத்தன் முகம் தெரியவில்லை. கால்கள் தெரிகின்றன. காலை வைத்து என்ன செய்ய?

ஒன்று இழுத்தேன். டிக் என்று சின்னச் சத்தம். திருகினேன். இரண்டு. காத்திருந்தேன், நகர்வான் என்று. நகரவில்லை. அவர்கள் கலைந்துவிட்டால்? மூன்று. நான்கு. சட்டென்று நான்கு எட்டு வைத்து அந்தப் பக்கம் போனேன், அவன் எனக்கு முன்னால் அங்கே இருக்கிறான். ஐந்து. ஆறு.

ஆறும் தீர்ந்தது. உடனே துண்டை மடித்துத் தோளில் போட்டான். விலகி ஓரமாகப் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தான். எனக்கு எப்படி இருக்கும்? இப்போது மற்ற பத்துப் பேரும் வரிசையாக, பளிச்சென்று, முகம் முகமாக. தட்டில் இடம் இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது தம்பி.

அப்புறம் உட்கார்ந்து மனு எழுதினேன். ஏன் சிரிக்கிறீர்கள்? எழுதத்தானே போனேன். நல்ல மனு. குடிக்கத் தண்ணீர், ஒதுங்க ஒரு கொட்டகை, காலுக்குத் தோல் செருப்பு. உப்பு தின்று கை காலெல்லாம் புண்ணாகி, சோற்றில் கை வைத்தால் அந்தச் சூடுகூடத் தாங்க முடியவில்லை ஐயா என்று ஒரு வரி. கேட்டவர்கள் கண்ணைத் துடைத்தார்கள். இன்றைக்கும் அந்த வரி எனக்கு மனப்பாடம்.

படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். முதலாளி ஆறையும் மேசையில் பரப்பினார். கண்ணாடியை மாட்டினார். கழற்றினார். "ஏன்வே, ஒரே ஆளை ஆறு தடவை எடுத்திருக்கீரு? இதென்ன அவன் கல்யாண ஆல்பமா?" என்றார். கணக்குப்பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். கேமராவைத் திருப்பி வாங்கிக்கொண்டார். பெட்டியில் வைத்துப் பூட்டினார். என் கண் முன்னால். அதுக்கப்புறம் அது என்ன ஆனதோ, எந்தப் பழைய இரும்புக்காரன் தராசில் ஏறியதோ. அந்த வயிற்றெரிச்சல் இன்னும் எனக்கு ஆறவில்லை.

மறுநாள் பலவேசத்துக்கு வேலை போயிற்று. அவன் ஒருத்தனுக்கு மட்டும். இந்தக் கடற்கரையில் எந்த அளத்திலும் கால் வைக்க முடியாதபடி சொல்லிவைத்துவிட்டார்கள். மற்ற பத்துப் பேரும் யாரென்று தெரியவே இல்லை. ஐப்பசியில் தண்ணீர் வந்தது, கொட்டகை வந்தது. செருப்பு அடுத்த வருசம். எல்லாருக்கும் கிடைத்தது, அவனுக்கு இல்லை. முன்னால் முன்னால் வந்து நின்றால் இதுதான். நான் என்ன செய்ய முடியும்?

சட்டி பானையோடு மாட்டு வண்டியில் கிளம்பினான். முக்காணியில் வாழைத்தார் சுமக்கப் போகிறான் என்றார்கள். வண்டி ஸ்டூடியோ வாசலில் நின்றது. இறங்கினான். உள்ளே வரவில்லை. ஷோகேஸ் கண்ணாடியில் முகத்தைப் பார்த்தான். விரலாலேயே தலையைச் சீவினான். நான் உள்ளே நின்றேன். அவனுக்குத் தெரியும் நான் நிற்பது. கேட்கப் போகிறான் என்று நினைத்தேன். பதிலும் வைத்திருந்தேன். கேட்கவில்லை. ஏறிப் போய்விட்டான்.

நாற்பத்தோரு வருசம். முக்காணி என்ன சீமையா? ஒரு பஸ். அவன் வரவில்லை. மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை இல்லை. நான் ஏன் போகணும்? தப்பு செய்திருந்தால் அவன் கேட்டிருப்பான். கேட்கவில்லை. அப்படியென்றால் நான் தப்பு செய்யவில்லை. சரிதானே? அதோடு, அதுக்கப்புறம் அவன் எந்தக் கேமரா முன்னாலும் நின்றதே இல்லையாம். ரேஷன் கார்டுக்கு இழுத்துப் பிடித்து எடுத்தார்களாம், கருகின தோசை மாதிரி இருக்கிறதாம். மகள் எழுதியிருக்கிறாள்.

கடுதாசியா? இருக்கிறது. இந்தாருங்கள். இல்லை, நானே படிக்கிறேன், உங்களுக்கு அந்தக் கையெழுத்து விளங்காது.

"அன்புள்ள வாஸ் மாமாவுக்கு, முக்காணியிலிருந்து பிரம்மசக்தி எழுதுவது. அப்பா போன செவ்வாய்க்கிழமை தவறிப்போனார்கள். அப்பா படம் வீட்டில் இல்லை. எந்தக் கேமரா முன்னாலும் நின்றதில்லை, ரேஷன் கார்டுக்கு இழுத்துப் பிடித்து எடுத்தது கருகின தோசை மாதிரி இருக்கிறது. கடைசியில் நினைவு இருக்கும்போது கேட்டோம். படம் வேணும்னா வாஸ்கிட்டக் கேளுங்க, ஆறு படம் இருக்கு, ஆறும் நல்லா விழுந்திருக்கும், நான் அசையாமல்தான் நின்னேன் என்றார்கள். பதினாறுக்கு நீங்கள் கட்டாயம் வரணும் மாமா. அதுவும் அப்பா சொன்னதுதான்."

அவ்வளவுதான். ஆறு என்று அவனுக்கு எப்படித் தெரியும்? நான் அவனிடம் காட்டவே இல்லை. அந்தக் கணக்குப்பிள்ளை சொல்லியிருப்பான். அவன் வாய் ஓட்டை வாய்.

என்ன?

இன்னொரு தடவை சொல்லுங்கள். கழற்றுகிற சத்தத்தில் காது கேட்கவில்லை.

ஆறு என்பதைக் கணக்குப்பிள்ளை சொல்லியிருக்கலாம். சரி. அசையாமல் நின்றதை யார் சொன்னது என்கிறீர்கள்.

அது... அவன் சும்மா சொல்லியிருப்பான். சாகப் போகிறவன்.

படத்தைப் பிரிக்கவா? வேண்டாம். கயிறு கட்டியிருக்கிறது. சரி, பிடியுங்கள் அந்த முனையை. மெதுவாக. இது மூன்றாவது படம். வட்டமாகத்தான் இருக்கும், அந்தக் கேமராவுக்கு அப்படி. கண்ணாடித் தட்டு என்னிடம்தான் இருந்தது, நானே பெரிதாக்கினேன். துண்டு தெரிகிறதா? கீழே கால்கள். பதினொரு பேர் என்று எண்ணிக்கொள்ளலாம், முகம் ஒன்றுதான். ஒரு மயிரிழை அசையவில்லை பாருங்கள். புருவம்கூட எண்ணலாம்.

தலை சீவியிருக்கிறான். அன்றைக்குத் தண்ணீர் தொட்டுச் சீவியிருக்கிறான். எப்போது சீவினான்?

கண்ணா? கண் நேரே பார்க்கிறது. என் முகத்தைப் பார்க்கிறான், அவ்வளவுதான்.

இல்லை. என் முகம் மேலே இருக்கும். கண் கீழே இறங்கியிருக்கிறது. பொத்தானைப் பார்க்கிறான்.

மூடுங்கள். பேப்பரை மூடுங்கள்.

கண்டக்டர் விசில் அடிக்கிறான். இதற்குள்ளா டயர் மாற்றிவிட்டான்? அவசரம் என்றால் மாற்ற மாட்டான்கள். தம்பி, நீங்கள் திருச்செந்தூர்தானே? நடுவில் முக்காணியில் ஒரு நிமிசம் இறங்கி இதைக் கொடுத்துவிட முடியுமா? பந்தல் போட்டிருக்கும், வாழைத்தோட்டத்தைத் தாண்டி மூன்றாவது வீடு. நான் இங்கேயே இறங்கி எதிர் பஸ் பிடிக்கிறேன். வாஸுக்கு உடம்பு சரியில்லை, காய்ச்சல் என்று சொல்லுங்கள்.

காய்ச்சல்.

இல்லை. நில்லுங்கள். நான் இறங்கவில்லை, போகச் சொல்லுங்கள் அவனை. ரைட் சொல்லப்பா, ரைட்!

இங்கே கையைக் கொடுங்கள். இல்லை, வலது கை. என் நெற்றியில் வையுங்கள். அட, வையுங்கள் என்றால். நன்றாக. கோட்டுப் போட்டிருக்கிறேன், வெயில், கிழவன், எல்லாம் சரி. இப்போது சொல்லுங்கள். காய்ச்சல் இருக்கிறதா?

இல்லை. தொட்டதும் சொல்லிவிட்டீர்கள். ஒரு நொடி ஆகவில்லை. உங்களுடையது ஆபீஸ் கை, புண் இல்லை, வெடிப்பு இல்லை. அதற்கே தெரிகிறது. சோற்றுச் சூடு தாங்காத கைக்குத் தெரியாமல் போகுமா?

அந்த வரியை நான்தான் எழுதினேன் தம்பி. என் கையால், அவன் எதிரில் உட்கார்ந்து.

படத்தை என் மடியில் வையுங்கள். கனமில்லை, நானே பிடித்துக்கொள்கிறேன். இந்தப் பொத்தானை மட்டும் கொஞ்சம் கழற்றிவிடுங்கள், இரண்டாவது. பழைய ஓட்டை, பெண்டாட்டி தைத்துச் சின்னதாக்கியிருக்கிறாள், சிக்கிக்கொள்ளும். மற்றதையும் கழற்றுங்கள். கோட்டை இந்த ஜன்னல் கம்பியில் போடுங்கள். பஸ் எங்கே போனாலும் போகட்டும் அது.

சட்டையோடு போகிறேன். பிரம்மசக்தி என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாலும் பார்க்கட்டும்.

ஆற்றுப் பாலம் வந்தால் சொல்லுங்கள். அதைத் தாண்டினால் முக்காணி.